48 மணி நேரம் 48 நாளானது: உணவுச் சரக்குக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

துறைமுகத்தில் இறங்கும் உணவுச் சரக்குக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

என் பேரீச்சைச் சரக்கு துறைமுகத்தில் 48 நாள் நின்றதற்குக் காரணம் கேட்டு ஏப்ரல் மாதம் நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம், அதாவது அக்டோபரில், உங்கள் பதில் வந்தது. மொத்தம் இரண்டு வரி. நடவடிக்கை எல்லாம் விதிப்படியே எடுக்கப்பட்டது, தாமதத்துக்கு இறக்குமதியாளர் தரப்புக் குறைபாடுகளே காரணம் என்று அதில் இருந்தது. மனுவோடு நான் இணைத்துக் கொடுத்தவை 31 பக்கங்கள். தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் திரைப்பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு தேதியைப் பற்றிக்கூட உங்கள் பதிலில் பேச்சில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். எந்தத் துறைமுகம், எந்த அலுவலகம், யாருடைய கையெழுத்து என்று எழுதப்போவதில்லை. ஒரு தனி மனிதரை மாட்டிவிட்டு இது தீராது.

எங்களுக்குப் பேரீச்சை வியாபாரம். அத்தா இருந்தவரை பம்பாய் மொத்தக் கடைகளிலிருந்து லாரியில் வரவழைத்து விற்றோம். அவர் போன பிறகு நானும் தம்பியும் சேர்ந்து நேரடியாக இறக்குமதி செய்கிறோம். இது 11-ஆவது வருடம். வருடத்துக்கு ஒரு கண்டெய்னர், நல்ல வருடமென்றால் இரண்டு. அதில் பெரும்பகுதி நோன்புக்குத்தான் போகும். பள்ளிவாசல் ஜமாத்துகள் நோன்பு தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பெட்டிகளை எடுத்துவிடுவார்கள். சட்டப்படி அந்தப் பழத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் இருக்கலாம். எங்களுக்கு அது பிறை தெரிவதற்குள் கடைக்கு வந்தாக வேண்டிய சரக்கு.

இந்த வருடம் நோன்பு மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. அதை மனதில் வைத்துத்தான் ஈரானின் பாம் நகரத்து மஸாஃபதிப் பழத்துக்கு நவம்பரிலேயே முன்பணம் கட்டினோம். கறுத்த, தோல் மெலிந்த, வாயில் போட்டால் கரையும் பழம். ஈரப்பதம் அதிகம் என்பதால் குளிர்கண்டெய்னரில்தான் வரும். அட்டைப்பெட்டிகள் 3,000. ஒவ்வொன்றிலும் 600 கிராம் டப்பா 12. ஆக 36,000 டப்பாக்கள். பந்தர் அப்பாஸில் ஏற்றிய சரக்கு ஜனவரி 24-ஆம் தேதி துறைமுகத்தில் இறங்கியது. கையில் ஐந்து வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தாராளம் என்றுதான் நினைத்தேன்.

சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியை ஜனவரி 22 அன்றே போட்டுவிட்டோம். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும் என்பது விதி. தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும். பழத்தில் நோயோ பூச்சியோ இல்லை என்கிற தாவர நலச் சான்று, எந்த நாட்டுச் சரக்கு என்கிற மூலச் சான்று, பேக்கிங் லிஸ்ட், டப்பாவின் நான்கு பக்க லேபிள் படம் எல்லாம் அன்றே ஏற்றியாகிவிட்டது. பயிர்க் குவாரன்டைன்காரர்கள் 28-ஆம் தேதி வந்தார்கள். பெட்டிகளைப் பிரித்து, பழத்தைப் பிளந்து, பூச்சி இல்லை என்று அன்றைக்கே முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இங்கே நன்றி சொல்லாமல் போனால் தவறு.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

ஜனவரி 29-இல் உங்களிடமிருந்து முதல் கேள்வி வந்தது. பழத்தின் மேல் குளுக்கோஸ் பாகு பூசியிருக்கிறதா, பேக் செய்தவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றீர்கள். நியாயமான கேள்வி. ஈரானில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அப்படியும் பிப்ரவரி 1-ஆம் தேதி கடிதத்தை வாங்கி ஏற்றிவிட்டோம். பிறகு ஆறு நாள் எந்தச் சத்தமும் இல்லை. 7-ஆம் தேதி இரண்டாவது கேள்வி. பேக்கிங் லிஸ்டில் பேட்ச் எண்ணுக்கு நடுவே ஒரு சிறு கோடு இருக்கிறது, டப்பாவில் அந்தக் கோடு இல்லை, ஏன்? அன்று மாலையே விளக்கம் கொடுத்தோம். திரும்ப ஒரு வாரம். பிப்ரவரி 14-இல் கண்டெய்னரைத் திறந்து பார்க்க வந்தபோதுதான் மூன்றாவது விஷயம் வெளியே வந்தது. டப்பாவில் அச்சான எங்கள் முகவரியில் பழைய கதவு எண் இருந்தது. மாநகராட்சி எண்ணை மாற்றிவிட்டதால் உரிமத்தில் புது எண்.

இந்தத் தவறு எங்களுடையது. அதை மறுக்கவில்லை, மனுவிலும் மறுக்கவில்லை. இறக்குமதியாளரின் பெயர் முகவரி, உரிம எண், சைவக் குறி போன்றவை விட்டுப்போயிருந்தால் கிடங்கிலேயே, பெயர்த்தெடுக்க முடியாத ஒரே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று 2017-ஆம் ஆண்டின் இறக்குமதி ஒழுங்குமுறை விதிகளே இடம் கொடுக்கின்றன. தயாரிப்புத் தேதியோ பேட்ச் எண்ணோ இல்லையென்றால்தான் வழியில்லை. எங்களுடையது ஸ்டிக்கரில் தீர்கிற குறை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த லேபிள் படம் ஜனவரி 22-ஆம் தேதியிலிருந்து உங்கள் திரையில் இருந்தது. குளுக்கோஸ் பாகைப் பற்றிக் கேட்ட அன்றைக்கே கதவு எண்ணையும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கடிதம் வருவதற்குள் ஸ்டிக்கர் வேலையும் முடிந்திருக்கும். மூன்று குறையையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் நான்கு நாளில் தீர்த்திருப்போம். ஒவ்வொன்றாகச் சொன்னதில் 16 நாள் போனது.

36,000 டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியதை நீங்கள் யாரும் வந்து பார்க்கவில்லை. நான் மூன்று நாளும் அங்கேதான் நின்றேன். கண்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டில் தகர ஷெட், பிப்ரவரி வெயில். இரண்டு டிகிரியில் இருந்த பெட்டியை வெளியே எடுத்து வைத்த நிமிடத்தில் டப்பா முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் பசை பிடிக்காது. பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்த 14 பெண்கள், இடது கையில் பழைய வேட்டித் துணி, வலது கையில் ஸ்டிக்கர் சுருள். துடைத்து, உடனே ஒட்டி, கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தி, திரும்பப் பெட்டியில் அடுக்க வேண்டும். "அக்கா, ரெண்டாவது தடவ தொடைக்கறதுக்குள்ள மறுபடி தண்ணி கோக்குது" என்று ஒரு பெண் சொன்னார். அவருடைய விரல் நுனிகள் குளிரில் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. மூலை பெயர்ந்தால் உங்கள் ஆய்வில் தேறாது என்பதால் சந்தேகப்பட்டதையெல்லாம் உரித்து மறுபடி ஒட்டினோம். வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாகச் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் அடியடுக்குப் பெட்டிகளில் பாகு கசிந்து அட்டை நனைந்துவிட்டது. ஜனவரி கடைசியில், மூன்று பெட்டி மூன்று பெட்டியாக நிதானமாக எடுத்து ஒட்ட நேரம் இருந்திருந்தால் அந்தப் பழம் கெட்டிருக்காது.

பிப்ரவரி 21-இல் மாதிரி எடுத்தீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, அதன் 47-ஆம் பிரிவில் இறக்குமதி உணவுக்கென்று தனியாக ஓர் உட்பிரிவு உண்டு. மாதிரி கிடைத்தால் ஆய்வாளர் ஐந்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது அது. எங்கள் அறிக்கை வந்தது மார்ச் 10. பதினேழு நாள். நடுவில், எங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆறு முறை கேட்டார். "லேப்ல பெண்டிங்" என்ற ஒரே பதில். எந்தப் பரிசோதனை பாக்கி, ஏன் பாக்கி என்று எழுத்தில் ஒரு வரி கிடையாது. கடைசியில் அறிக்கையில் எல்லாம் தேறியிருந்தது. 12-ஆம் தேதி என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, 13-ஆம் தேதி சரக்கு வெளியே வந்தது. அன்று பன்னிரண்டாம் நோன்பு.

இதற்கிடையில் பிப்ரவரி 25-ஆம் தேதி யார்டிலிருந்து ஒரு நோட்டீஸ். இறக்கி 30 நாளாகியும் எடுக்காத சரக்கை விற்றுவிடலாம் என்கிற சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவைச் சொல்லி, எடுக்காவிட்டால் ஏலம் என்றிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சரக்கை எடுக்க விடாமல் நிறுத்தியிருப்பது ஒரு மேசை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது இன்னொரு மேசை. இரண்டுக்கும் நடுவில் நான்.

தேசிய வர்த்தக எளிமையாக்கச் செயல்திட்டம் 2020-23 என்று அரசே ஒன்றை வெளியிட்டது. கடல்வழி இறக்குமதிச் சரக்கை 48 மணி நேரத்துக்குள் விடுவிப்பது அதில் சொன்ன இலக்கு. ஜனவரி 24-இலிருந்து மார்ச் 13 வரை எண்ணிப் பாருங்கள். 48 நாள்.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 2008-இல் சீனாவில் பால்பொடியில் மெலமைன் கலந்து குழந்தைகள் இறந்தபோது, அங்கிருந்து வரும் பால் பொருள்களை இந்தியா அந்த செப்டம்பரிலேயே தடுத்தது. துறைமுகத்தில் காவல் எதற்கு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் அத்தா ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பழத்தை எடுத்து, நகத்தால் நீளவாக்கில் கீறி, கொட்டையை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். கொட்டை இருந்த குழியில் பொடி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புவார். பொழுதெல்லாம் பட்டினி கிடந்தவர் முதலில் வாயில் வைக்கிற பொருள் இது, இதில் புழு இருக்கலாமா என்பார். நானும் தம்பியும் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறோம். நீங்கள் சோதிப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. சோதித்து முடிக்காமல் வைத்திருப்பதில்தான் வருத்தம்.

அந்த 48 நாளில் எங்கள் கணக்கில் ஏறியதைச் சொல்கிறேன். கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்ததற்குக் கப்பல் கம்பெனிக்கு டாலரில் வாடகை, டிடென்ஷன் என்பார்கள். யார்டுக்குத் தரை வாடகை. குளிர்கண்டெய்னருக்கு மின்சாரம் கொடுத்ததற்குத் தனிக் கட்டணம், அது ராத்திரியும் ஓடும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். மூன்றும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல். வங்கி வட்டியை இதில் சேர்க்கவில்லை. சுங்கத்துறை தடுத்துவைத்த சரக்குக்கு வாடகை கேட்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சரக்குக் கையாளுகை விதிகளில் ஒரு ஷரத்து இருக்கிறதே என்று யார்டில் கேட்டேன். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது அந்தக் கணக்கில் வராது, வேண்டுமானால் தாமதம் அலுவலகத்தால் என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். உங்களிடம் எழுதிக் கேட்டதுதான் அந்த ஏப்ரல் மனு.

முன்பணம் கொடுத்திருந்த நான்கு ஜமாத்துகள் பிப்ரவரி கடைசியில் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிறை நமக்காகக் காத்திருக்காது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு ஜமாத்தின் தலைவர் அத்தாவின் சிநேகிதர், 30 வருடமாக எங்களிடம்தான் எடுத்தவர். "பரவாயில்லம்மா, நீ என்ன செய்வே" என்று அவர் சொன்னது கோபித்துப் பேசியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது. மிச்ச நோன்பில் பாதிச் சரக்கு போனது, அதுவும் குறைந்த விலைக்கு. மற்றது ரம்ஜான் கழிந்து, கேக் போடுகிறவர்களுக்கும் மிட்டாய்க்காரர்களுக்கும் கிலோக் கணக்கில் போனது. கிடங்கில் வேலை பார்த்த இரண்டு பேரை மே மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கு நான் என்ன காரணம் சொல்வது? பேட்ச் எண்ணில் ஒரு கோடு என்றா?

பெரிய இறக்குமதிக் கம்பெனிகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சொந்தக் குளிர்கிடங்கு உண்டு, விதிகளைப் பார்க்கவென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு, ஒரு கண்டெய்னர் நின்றால் பின்னாலேயே இன்னும் ஐந்து வரும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்த ஒன்றுதான் அந்த வருடம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே கண்டெய்னரில் நாற்பது வகை பிஸ்கட், ஜாம், சாஸ் கலந்து கொண்டுவந்தவர். பொருளுக்குப் பொருள் தனி மாதிரி, தனிக் கட்டணம், தனித் தாமதம். இரண்டு வருடம் முன்பு கடையை மூடிவிட்டு, இப்போது மற்றவர் இறக்குகிற சரக்கை வாங்கி விற்கிறார்.

உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக எளிமையாக்க உடன்படிக்கையில் இந்தியா 2016-இல் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாவது பிரிவில் கெட்டுப்போகும் சரக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு வரிசைப்படுத்தும்போது அதற்கு முன்னுரிமை தர வேண்டும், விடுவிப்பதில் பெரிய தாமதம் வந்தால் இறக்குமதியாளர் எழுதிக் கேட்கும்போது இயன்றவரை காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். நாடு கையெழுத்துப் போட்ட வாக்கு இது. நான் எழுதிக் கேட்டேன். எனக்கு வந்தது இரண்டு வரி.

இனி நான் கேட்பவை.

முதலாவது, என் மனுவைத் திரும்ப எடுத்துத் தேதிவாரியாகப் பதில் சொல்லுங்கள். பிப்ரவரி 1 முதல் 7 வரை கோப்பு எங்கே இருந்தது? 7 முதல் 14 வரை எங்கே இருந்தது? 21 முதல் மார்ச் 10 வரை ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கு எத்தனை நாள் ஆனது? ஸ்டிக்கர் ஒட்டிய நாள்களை என் கணக்கில் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மற்ற நாள்கள் யார் கணக்கு என்று எழுத்தில் வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் யார்டிலும் கப்பல் கம்பெனியிலும் நான் பேச முடியும்.

ஆவணங்களில் உள்ள எல்லாக் குறைகளையும் முதல் கேள்வியிலேயே மொத்தமாகச் சொல்லுங்கள். நாங்கள் புதிதாகக் கொடுத்த காகிதத்திலிருந்து சந்தேகம் எழுந்தால் மட்டும் இரண்டாவது கேள்வி வரட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம், ஓர் உள்சுற்றறிக்கை போதும். இது ஒன்று நடந்தாலே எங்களில் பாதிப் பேர் பிழைத்துக்கொள்வோம்.

ஐந்து நாளில் ஆய்வறிக்கை வரவில்லையென்றால் ஆறாவது நாள் காலையில் இறக்குமதியாளருக்கும் ஏஜென்டுக்கும் காரணம் தானாகப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆய்வகத்தில் நெரிசல் என்றால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு மாதிரியை மாற்றுங்கள். ஆயுள் ஏழு நாளுக்குக் குறைவான உணவுக்கு அறிக்கைக்கு முன்பே இடைக்கால அனுமதி தருகிற ஏற்பாடு உங்கள் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அத்தனை தூரம் நான் கேட்கவில்லை. மாதிரி எடுத்த அன்றே, சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி, சரக்கைச் சுங்கக் கட்டுப்பாட்டிலுள்ள குளிர்கிடங்குக்கு மாற்ற ஒத்துழைத்து, சுங்கத்துறையோடு பேசி ஒரே நாளில் அனுமதி கிடைக்க வழிசெய்யுங்கள். பூட்டும் முத்திரையும் உங்களிடமே இருக்கட்டும். கண்டெய்னரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் டாலர் வாடகையாவது நிற்கும்.

உங்கள் அலுவலகம் அனுமதிக்காததால் நிற்கிற சரக்குக்கு, அனுமதிக்காததைக் காரணம் காட்டி ஏல நோட்டீஸ் போகக் கூடாது. கோப்பு நிலுவையில் இருக்கிறது என்று யார்டுக்கும் சுங்கத்துறைக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

அடுத்த நோன்பு 2026 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கும். எங்கள் சரக்கு டிசம்பர் கடைசியில் கப்பல் ஏறும், எங்களைப் போலப் பல ஊர்களில் பலருடையதும் ஏறும். டிசம்பர் 15-க்குள் துறைமுகத்தில் நோன்புக் காலப் பேரீச்சைக்கென்று ஓர் அதிகாரியை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். கதவு எண்ணைத் திருத்திய புது லேபிளை இப்போதே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். அதன் படத்தையும் இந்த மடலோடு உங்களுக்கு அனுப்புகிறேன். அதில் இன்னும் ஏதாவது குறை இருந்தால் நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பேரீச்சை வியாபாரி ஒருத்தி
அக்டோபர் 2025